டென்சிலின் வருமானம்

மே மாதம் ரயில்வே ஓய்வூதிய நிதியிலிருந்து
பழுப்பு உறை வந்தது.
ஆண்டுக்கு ஒருமுறை டென்சில்
எனக்கு எழுதுகிற கடிதம் அது ஒன்றுதான்:
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
பிடித்த வரி, அடுத்த வரியில்.

மோர்வென்னா மடிக்கணினியை
ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் திறந்தாள்.
பாலம் கட்டப் படிக்க வேண்டுமாம், நியூகாசிலில்.
ரெட்ரூத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று
நான் கேட்கவில்லை.
அவள் அப்பா பதினெட்டு வருடம் கைப்பிடி இழுத்து
வழிவிட்ட அதே தண்டவாளம்தான்;
இறங்காமல் உட்கார்ந்திருந்தால் வந்துவிடும்.

துணைவர் உங்களோடு வசிக்கிறாரா?
இல்லை.
எந்தத் தேதியிலிருந்து?
தட்டினேன்.
பக்கம் காலாவதியாகிவிட்டது என்றது.
மறுபடி தட்டினேன்.
மூன்றாம் முறை மகள் தட்டினாள்,
விசைகளைப் பார்க்காமலே.

ஓய்வூதியம் ஏதும் வருகிறதா?
வருகிறது.
நாலு கேள்விக்கு முன்னால் இல்லாமல் போனவர்
இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார்,
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

பள்ளிச் சமையலறையில் நான் சம்பாதிப்பது இருபதாயிரத்து முந்நூறு.
அதில் என் முதுமைக்கென்று பிடிக்கிறார்களே,
அதைக் கழித்துக்கொள்ளலாமாம்.
அவர் தன் சாவுக்கென்று சேர்த்ததை மட்டும்
கூட்டிக்கொள்ள வேண்டுமாம்.
இரண்டு முறை படித்தேன். அப்படித்தான் இருந்தது.

பெர்ரனுக்கு ஆயிரத்து நூற்று முப்பது கழிவு.
"நான் அவ்வளவுதானா?" என்றான்,
கடைசி ரொட்டியை எடுத்தபடி.
"தின்கிறதுக்கு அதிகம்" என்றாள் அக்கா.

உறையின் முதுகில் பென்சிலால் கணக்குப் போட்டாள்.
கோடு இருபத்தைந்தாயிரத்தில் கிடக்கிறது.
நான் மட்டுமென்றால் அதற்குக் கீழே.
அப்பாவையும் சேர்த்தால்
இரண்டாயிரத்துச் சொச்சம் மேலே.
கடனில் குறைவது, மூன்று வார அறை வாடகை.

செத்தும் கொடுத்தான் என்பார்கள்.
கொடுத்ததைக் குறித்துக்கொண்டு
கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

"எழுதாமல் விட்டால்?" என்றேன்.
"வரி ஆபீசுக்குத் தெரியும் அம்மா.
அதோடு" என்று பென்சிலைக் கடித்தாள்,
"மூணு வாரம்தானே. மிச்ச வாரமெல்லாம்
அவர் பணத்திலேதானே பஸ் ஏறப் போறேன்."

அவளுக்குத் தெரியாது,
சமையலறைக் கூரை ஒழுகிய வருடம்
அந்தச் சந்தாவை நிறுத்தச் சொல்லி
நான் போட்ட சண்டை.
வாளியைக் காலால் தள்ளினேன்.
அவர் தண்ணீரைத் துடைத்தார், பதில் சொல்லவில்லை.
மறு மாதமும் பிடித்தார்கள்.

இரவு பதினொன்றே முக்காலுக்குக் கடைசிப் பக்கம்:
சொல்ல வேண்டிய அனைத்தையும்
சொல்லிவிட்டதாக உறுதி கூறுகிறேன்.
வாளிக்கு அங்கே பெட்டி இல்லை.

குறியிட்டேன்.