உயிரெழுத்துகளால் மட்டும்

ஜான்சுக்கை வெளியே எடுத்துவந்தபோது
பனி விட்டிருந்தது.
எங்குரி ஆறு மட்டும் கீழே
யாரையும் கேட்காமல் இரைந்துகொண்டிருந்தது.

முற்றத்தில் ஓடாத டிராக்டர்,
அதன் படியில் அவர் கடைசியாகக் கழற்றிவைத்த
ரப்பர் பூட்ஸ்.
குளிருக்கு உள்ளே திணித்த வைக்கோல்
பாத வடிவில் அப்படியே இருந்தது.

ஜார்ஜிய மலைகளில், ஸ்வானேத்தியில்,
இறந்தவருக்குப் பாடும் பாட்டில் சொல் கிடையாது.
பேர் கிடையாது, புகழ் கிடையாது,
போய்வா என்றுகூடக் கிடையாது.
ஓ உண்டு. ஆ உண்டு. நீண்டு நீண்டு ஒரு ஐ.

தமிழில் எழுதுகிறவனுக்கு
இதைச் சொல்ல ஒரு குறுக்குவழி இருக்கிறது:
மெய் பெட்டிக்குள் கிடக்கிறது.
வெளியே நிற்பவர்கள்
உயிரெழுத்துகளை மட்டும் பாடுகிறார்கள்.

மேல்குரலுக்குத் தபால்காரர் சிச்சிக்கோ.
நடுக்குரல் ஜான்சுக்குடையது,
அதனால் அவர் மருமகனைப் பிடித்து நிறுத்தினார்கள்.
சுக்திதியில் மினிபஸ் ஓட்டுகிறவன்.
பாதி தெரியும்;
மீதியைப் பக்கத்து வாயைப் பார்த்துப் பாடுவான்.

அடிக்குரலுக்கு இரண்டு பேர் வேண்டும்.
இந்த ஊரில் அந்தக் குரல் இரண்டு பேருக்குத்தான்:
பிமுர்ஸா. கிவெர்கில்.

பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
ஒரு வேலி.
அது நகர்ந்ததா இல்லையா என்று பார்க்க
மெஸ்தியாவிலிருந்து வந்த நில அளவைக்காரர்
இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார்,
இரண்டு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.
ஒருவன் தன் நாய்க்கு மற்றவன் பெயரை வைத்திருக்கிறான்.
எவன் என்று சொல்லமாட்டேன்.

இத்தனை சாவுகளிலும் நடுவில் ஜான்சுக் நின்றார்.
அகன்ற முதுகு;
இவன் முகம் அவனுக்குத் தெரியாது.
இன்று தோளில் தோள் இடிக்கிறது.

மருமகன் தொடங்கினான்,
தவறான சுருதியில்.
யாரும் நிறுத்தவில்லை.
தவறான இடத்துக்கே எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்தடுத்த ஸ்வரங்கள் கல்லும் கல்லுமாக உரசின.
குழைவு வேண்டுமென்றால் சமவெளிக்குப் போகலாம்.
இங்கே உரசிக்கொண்டும் விலகாமல் நிற்பதற்குத்தான்
அழகு என்று பெயர்.

அடிக்குரலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று:
தரை போய்விடக் கூடாது.
ஒருவன் மூச்சு வாங்கும்போது
மற்றவன் தாங்க வேண்டும்.
எப்போது வாங்குவாய் என்று கேட்க முடியாது,
கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிமுர்ஸாவின் நெஞ்சில் ஏதோ சரியில்லை.
பதினோரு வருடத்தில் கிவெர்கிலுக்குத்
தெரியவந்த முதல் சேதி அது.
நாலாம் முறை அந்தக் குரல் பாதியில் அறுந்தபோது
இவன் இரண்டு பேருக்குமாக இழுத்தான்
காதுமடல் சிவக்க, கண் பிதுங்க,
பெட்டி வேலியைத் தாண்டும்வரை.

ஆமாம், அதே வேலி.
கல்லறைக்கு வேறு வழியில்லை.

குழியருகே சாச்சா ஊற்றினார்கள்.
முதல் சொட்டு மண்ணுக்கு.
இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக் குடித்து
வேறு வேறு பாதையில் வீடு போனார்கள்.
நாயின் பெயர் மாறவில்லை.

ஏப்ரலில் பனி உருகியதும்
சாய்ந்த முளைகளைக் கிவெர்கில்
அடித்து இறக்கிக்கொண்டிருந்தான்.
அந்தப் பக்கம் இருமல்.
நீண்டது. நின்றது. மறுபடி.

ஓங்கிய சம்மட்டியை
அந்தரத்தில் பிடித்தபடி
காத்திருந்தான்
அந்த மூச்சு உள்ளே போகும்வரை.

பிறகு அடித்தான்.