மூன்று நிமிடம்

என் வேலை கடிகாரம்.
பச்சை எரிந்தால் பேசலாம்,
மஞ்சள் எரிந்தால் முடித்துக்கொள்ளலாம்,
சிவப்புக்கு அப்புறம் எவர் என்ன சொன்னாலும்
குறிப்பேட்டில் ஏறாது.
பத்தொன்பது வருடமாக இந்த மூன்று பொத்தான்கள்.

அன்று கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில்.
கவுண்டி அலுவலகம் கொள்ளவில்லை.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மூன்று கமிஷனர்கள்.
பூட்ஸில் ஒட்டி வந்த ஐடஹோப் பனி
மரத்தரையில் உருக உருக
வாட்ச்மேன் ஹோரஸ் துடைப்பத்தோடு முறைத்துக்கொண்டு நின்றார்.

ஏழாம் பொருள்:
ஒரு சதுர மைல் கவுண்டிப் புறம்போக்கு.
நடுவில் ஒரு பாறை.
ஏறுகிறவர்களுக்கு முந்நூறு அடிச் சுவர்,
எனக்கு ஒரு ஃபைல் எண்.
ஏலம் விட்டால் பள்ளிக்குப் பணம் வருமாம்.
ஜிம்மின் கூரை ஒழுகுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாங்க வந்த கம்பெனியின் வக்கீல்
இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி, அழகாகப் பேசினார்.
“பாறை எங்கும் போய்விடாது.”

அடுத்து தேயா. விரல் நுனியெல்லாம் டேப்.
ஏறுவழிகளின் பெயர்களை வாசித்தாள்:
கோணல் பல், பழைய வரிபாக்கி, நனைந்த ரொட்டி...
முப்பத்தொன்றாவது பெயரில் சிவப்பு.
கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

ரோசால்பா, இரவு ஷிஃப்ட் நர்ஸ்:
“யாராவது செத்துப்போன இரவுகளில்
நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை.
அங்கே அடிவாரத்தில் எட்டடி உயரத்தில் ஓர் உருண்டைக் கல் இருக்கிறது.”
அவ்வளவுதான்.
மிச்சமிருந்த இரண்டரை நிமிடத்தை
யாருக்கும் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

டெல்பர்ட் ஆக்கர்மன் தொப்பியைக் கழற்றவில்லை.
“இந்தக் குரங்குகளை எனக்குப் பிடிக்காது.
போன வருஷம் இரண்டு தடவை கேட்டைத் திறந்துபோட்டுப் போனார்கள்.
என் கன்று ஒன்று லாரியில் அடிபட்டது.
ஆனால் அந்த இடத்துக்குப் பூட்டு வந்தால்
மாடுகள் ஊற்றுக்குப் போகும் தடமும் உள்ளே போய்விடும்.
குரங்கோடு சண்டையாவது போடலாம்.
பூட்டோடு என்ன பேசுவது?”

கடைசியில் ஆர்லன், ஷோஷோனி.
“பொது நிலம் என்கிறீர்கள்.
பொதுவாவதற்கு முன்னால் யாருடையது என்று
இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இருக்கட்டும்.
வல்லூறு குஞ்சு பொரிக்கும் மாதங்களில் ஏறாதீர்கள் என்றோம்.
கிழக்கு முகத்தில் என்றைக்குமே ஏறாதீர்கள் என்றோம்.
முணுமுணுத்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.
வக்கீல் சொன்னது சரி, பாறை போகாது.
போவது வழி.
வழி போனபின்...”

சிவப்பு எரிய வேண்டிய நேரம்.
விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது.
அழுத்தவில்லை.
பதினொரு வினாடி.
அந்தப் பதினொன்றிலும் அவர் பேசவில்லை,
எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.
வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு என்னை.

தீர்மானம்: ஜூன் வரை ஒத்திவைப்பு.
அப்படியே டைப் செய்தேன்.
பதினொரு வினாடிக்குப் பத்தி இல்லை.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன்,
ஃபைல் எண்ணை நேரில் பார்த்துவிடலாமென்று.
கேட்டில் ஒரு பலகை, டெல்பர்ட்டின் கோணல் எழுத்து:
போனால் சாத்து.
அதற்குக் கீழே சாக்குப்பொடி விரலால் யாரோ:
சரி.

கம்பிக் கொக்கி குளிரில் இறுகிப்போயிருந்தது.
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
உள்ளே போய்
திரும்பி நின்று சாத்தினேன்.