ஏழும் எட்டும்

எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு
எண்தான் பெயர்.
எண்ணிக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனால்
மீன் பொரிக்கும் புகைக்குப் பின்னால்
கடலம்மா கோயில்.
ரங்கூனில் இதைவிடப் பெரிய சீனக் கோயில்கள் உண்டு.

மழைக்கு முந்தி ஒயரிங் மாற்றக் கூப்பிட்டார்கள்.
அடையாளச் சீட்டில் நான் மியோ தான்,
வீட்டில் சன்னாசி.

முன்கட்டில் எட்டுக் கல்தூண், நாலு ஜோடி.
தூணுக்கொரு டிராகன்.
மூன்று ஜோடி முகம் பார்த்து நிற்க
கடைசி ஜோடி மட்டும்
முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஒன்று கப்பலைப் பார்க்கிறது,
மற்றது நெருப்பை" என்றார் ஊ கியாவ் ஸெங்.
"சண்டையில் குண்டு விழுந்தது.
அடுப்படியோடு போயிற்று, பார்!"

அரிசி ஏற்றிப் போன கப்பல்
அமோயிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பினால்
கடல் கவிழ்த்துவிடுமாம்.
பாரத்துக்கு ஏற்றிய கல்தான் இந்தத் தூண்கள்.
எந்த வருஷம்?
சுவரில் இருக்கிறது என்று கை காட்டினார்.
படியுங்களேன் என்றேன்.
சிரித்தார். அவருக்குச் சீனம் தெரியாது.

குழாய் பதிக்க அடிச் சிமெண்டைக் கொத்தினேன்.
உள்ளே, கல்லில், உளிக் கீறல்:
க.
அடுத்த தூணில் உ.
சீனத்துக் கோயிலில் பிள்ளையார் சுழியா!
அப்புறம் ங, ச, ரு, சு.
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த அரைகுறைத் தமிழுக்கு
இது எந்த ஊர்ச் சொல் என்று பிடிபடவில்லை.

மூன்றாம் நாள், சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கையில்
உறைத்தது.
வீட்டுப் பெட்டியில் செல்லாத அடகுச் சீட்டு ஒன்று கிடக்கிறது.
தொகை இதே எழுத்தில்.
எண்கள்.
துறைமுகத்தில் இறக்கியவன் போட்ட வரிசை.

கடைசி இரண்டையும் கொத்திப் பார்த்தேன்.
எ இருக்க வேண்டிய இடத்தில் அ.
அ இருக்க வேண்டிய இடத்தில் எ.

இருட்டிவிட்டதோ,
நிறுத்தியவனுக்கு எழுத்துத் தெரியாதோ,
கங்காணி கூலியில் கை வைத்த நாளோ.
கல்வெட்டில் காசு கொடுத்தவர் பெயர்கள் மட்டும்
தங்கப் பூச்சோடு.

பர்மியத்தில்தான் சொன்னேன்.
வேறெந்தப் பாஷையில் நாங்கள் பேசிக்கொள்வது?
ஊ கியாவ் ஸெங் வெகுநேரம்
இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் நின்றார்.
"கமிட்டிக்குச் சொல்லாதே.
இனித் திருப்பினால் கூரை இறங்கிவிடும்."
ஊதுபத்தி ஒன்றை இந்தப் பக்கம் செருகினார்,
ஒன்றை அந்தப் பக்கம்.

சிமெண்ட் குழைத்துப் பூசினேன்.
ஃபியூஸ் பெட்டியில் எண் எழுதும்போது மட்டும்
ஏழையும் எட்டையும்
இரண்டு தடவை
போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தேன்.