திரிபோன்

லிக்கேயோன் குளியலறைக் கொக்கியில் மாட்டியிருந்தேன்.
ஈரத்தலையோடு வந்தால்
கொக்கி மட்டும்.

மதியத்துக்குள் பிடித்துவிட்டார்கள்.
ஸ்மிகிதோஸ். துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தார் பூசுகிறவன்.
வெற்றுத் தோள். உதடு நீலம்.

என்ன உடை, என்றான் எழுத்தன், மெழுகுப் பலகையைத் திறந்து.
ஹிமாத்தியோன், என்றேன்.
அது ஊரே போர்த்துவது ஐயா,
சரியான சொல் வேண்டும்:
குதிரைக்காரர்கள் தோளில் குத்தும் கிளாமிஸா?
பனிக்குக் கனத்த கிளைனாவா?
தத்துவம் பேசுகிறவர்கள்
நையநையச் சுற்றும் திரிபோனா?

கிளைனாதான். மெகாராக் கம்பளி, இருபது டிராக்மா,
ஒரு மழைகூடப் பார்க்காதது.
பத்தைத் தாண்டினால்
அவன் தலை போகும்.

நாக்கில் நூலிழை ஒட்டியதுபோல் இருந்தது.
"திரிபோன். மூன்று டிராக்மா பெறாது."

எழுத்தன் துணியை விரலிடையில் தேய்த்துப் பார்த்தான்,
பிறகு என்னை.
எழுதிக்கொண்டான்.

எட்டுக் குளிர்காலம் ஆயிற்று.
தியோக்செனே புதிது வாங்கச் சொல்கிறாள்.
விளிம்பு பிரிந்துவிட்டது, தோள்பட்டையில் வெளிச்சம் தெரிகிறது.
இன்னும் ஒரு பனி பொறு, என்கிறேன்,
அன்று நான் சொன்ன சொல்லை
இது எட்டிப் பிடிக்கட்டும்.