தலைப்பெழுத்து

சோளகம், பதினோராம் இதழ்,
மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி.
ஒரு வரி மட்டும்
கட்டத்துக்கு வெளியே கால் நீட்டியது.
வெட்டினேன்.

வெட்டுவதுதான் என் வேலை.
"மிகவும்" வெட்டுவேன். "உண்மையிலேயே" வெட்டுவேன்.
துறைத்தலைவர் ஆற்றிய சிறப்பான உரையில்
முதலில் சிறப்பையும்
பிறகு உரையையும் வெட்டியிருக்கிறேன்.
அன்றைக்கு வெட்டியது
ஒரு "ம", ஒரு புள்ளி.

செவ்வாய்க்கிழமை தொண்டி வளாகத்து வாசலில்
மடித்த சோளகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி
கைலியில் செதில் காயாத ஒருவர்.
"ஆசிரியர் யாரு?"
கடலியல் ஆசிரியர்கள் ஆறு பேரிடம் விசாரித்து
கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தார்.
"நீதானா தாயி.
நான் காரங்காட்டுச் சந்தியாகு.
நான் செத்துட்டேன்னு போட்டிருக்கீக."

செத்ததாக இல்லை, காணவில்லை என்றுதான் போட்டோம்
என்று சொல்ல வாயெடுத்து
அதையும் வெட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.
மாமியார் தேவிபட்டினத்தில் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாளாம்.
பைனான்ஸ்காரன் மட்டும் நம்பாமல் நேரில் வந்து
தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
தவணை கேட்டானாம்.
சிரித்தார். டீ குடித்தார்.
"இருக்கான்னு சின்னதா போட்டாப் போதும்.
அஞ்சு பேப்பர் குடுங்க, அவனுக்கு ஒண்ணு."

நம்புசெல்வி அழுதாள்.
"நான்தானேக்கா எழுதினேன்."
அவள் எழுதிய தாளைக் கோப்பில் தேடினேன்.
இறால் விலைப்பட்டியலின் பின்பக்கம்,
நீல மையில்:
ம. சந்தியாகு, 41.
"ம" தெளிவாக. புள்ளிகூடக் கொஞ்சம் பெரிதாக.
அந்தத் தாள் வேறு யாரிடமும் இல்லை.
ஒரு நிமிடம்,
முழுசாக ஒரு நிமிடம்,
அதை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன்.
பிறகு எல்லோரும் பார்க்க மேஜையில் விரித்தேன்.

இபுராம்சா பக்கம் கட்டுகிறவன்.
"கடைசிப் பக்கத்துல, கோலப்போட்டி முடிவுக்குக் கீழ
எடம் இருக்குக்கா."
முதல் பக்கம் என்றேன்.

*சூ. சந்தியாகு நலமாக இருக்கிறார்.
காணாமல் போனவர் ம. சந்தியாகு.*

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.
ஒருவரைக் கரையேற்றிய அதே கையால்
இன்னொருவரைத் தள்ளிவிடுகிறேன்.

அச்சுக்கு முன்னால் காரங்காடு போனேன்.
அலையாத்தி வேர்களில் நீர் வடிந்துகொண்டிருந்தது.
ம. சந்தியாகுவின் மனைவி ஞானசவுந்தரி
கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.
உள்ளே ஒரு பையன்
பதினாறாம் வாய்ப்பாடு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேப்பர அவன்தான் படிச்சான்.
அப்பா எழுத்து இல்லையேம்மான்னான்.
அப்ப வேற யாரோதான்டான்னேன்.
நம்பிட்டான்.
அப்படியே இருக்கட்டுமே தாயி,
பரீட்சை முடியுற மட்டும்.
வியாழக்கிழமை கணக்கு. அதோட சரி."

என்னிடம் அதற்கு விதி இல்லை.
செய்தி எழுதும் முறை பற்றி
முதலாமாண்டு மாணவர்களுக்கு நான் அடித்துக் கொடுத்த
நாலு பக்கக் குறிப்பிலும் இல்லை.

தொண்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம்;
பத்து மணிக்கு மேல்தான் எங்கள் முறை.
ஜரிகைத்தூள் ஒட்டிய மேஜையில்
திருத்தத்தை மறுபடி எழுதினேன்:

*ம. சந்தியாகு இன்னும் கரை திரும்பவில்லை.*

வரி நீண்டது.
"இன்னும்-ஐ எடுத்தா உக்காந்துரும்க்கா."
எடுக்கவில்லை.
கட்டத்தை மீறி அந்தச் சொல் அப்படியே நிற்க
முந்நூறு பிரதி ஓடியது.

நள்ளிரவில் சூ. சந்தியாகுவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் என்ஜின் சத்தம், யாரோ வலையை இழுக்கும் ஏலோ.
விஷயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் என்ஜின் மட்டும் பேசியது.

"அதுக்கென்ன தாயி," என்றார்.
"பேப்பர வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்.
அதுவரைக்கும் செத்தே இருக்கேன்."