டீ நிறத் தண்ணீர்

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ், மூன்றாம் மாடி.
ஒப்பந்த வேலை. மாதம் பதினாலாயிரம்.
வருகிற படங்களின் குறுக்கே
‘பொய்’ என்று குத்துவேன், சிவப்பில்.

போன ஆடியில் ஒரு வதந்தி.
பிள்ளை பிடிக்கிறவனாம், போர்வை விற்க வந்த வடக்கத்தி ஆள்.
காட்பாடிப் பாலத்தடியில் கட்டிப்போட்டிருந்தார்கள்.
குத்தினேன். ஜீப் போய்ச் சேருவதற்குள்
யாரோ கட்டை அவிழ்த்துவிட்டார்களாம்.
அன்றைக்குச் சோறு இனித்தது.

நேற்று வந்தது
மேல்விஷாரத்து நூருன்னிசா போட்டது.
தெருக்குழாய், குடம், டீ நிறத்தில் தண்ணீர்.
‘ஷாப்புக் கழிவு’ என்று எழுதியிருந்தாள்.
கூடவே மேலிடத்துக் குறிப்பு:
தண்ணீர் தரமானது. பொய் எனப் போடவும்.

பரிசோதித்த தாள் எங்கே என்று
கேட்க வாயெடுத்தேன்.
டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது.

அந்தக் குழாயின் வாயில்
வடிகட்டக் கட்டியிருக்கும் துணி
என் பழைய துப்பட்டா.

குத்தினேன்.

சாயங்காலம் எங்கள் தெருவில் சைபர் கிரைம் ஜீப்.
தகப்பன் பெயர் கேட்டார்கள், போனைக் கேட்டார்கள்.
இரண்டு வீடு தள்ளி என் உலையில்
அதே தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது.
நான் ஜன்னலைச் சாத்தவில்லை, திறக்கவுமில்லை.

எழுதி முடித்த ஏட்டு
தாகமாயிருக்கிறது என்றார்.
நூருன்னிசா சொம்பை நீட்டினாள்.

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
‘கேன் தண்ணி இல்லையாம்மா?’