எடைமேடை, இரவு பதினொன்றே கால்

கொழிஞ்சாம்பாறை ரோட்டில் எங்கள் எடைமேடைக்கு
வைக்கோல் வரும், தேங்காய் மட்டை வரும்,
மணல் வந்தால் எனக்குக் கண் தெரியாது.
ஆடிக்காற்று ஷட்டரை உலுக்கிய இரவில்
இரண்டு கார்கள் வந்து நின்றன,
காலியாக.

"சேச்சி, ரெண்டையும் ஒண்ணு தூக்கிப் பாக்கணும்"
என்றான் நிஷாத்.
பத்து வருட துபாய்ச் சம்பளம்
மூக்கு நீட்டிப் படுத்திருந்தது: மஸ்டாங்.
எட்டு சிலிண்டர்.
மேடை ஏறியும் உறுமலை நிறுத்தவில்லை.
திரையில் 1740, 1750, மறுபடி 1740.
"அணைச்சிட்டு நில்லுங்க,
என் மிஷினுக்குக் குளிர் ஜுரம் வந்துருச்சு" என்றேன்.

அடுத்தது பூபதியின் ஹோண்டா சிட்டி,
செஞ்சேரிமலையிலிருந்து.
பின்சீட் இல்லை, ஸ்டெப்னி இல்லை,
மேட்டைக்கூடக் கழற்றி எறிந்திருந்தான்.
பானட்டுக்குள்
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த என்ஜின்.
1020.
எண் அசையவேயில்லை.
ஓடுகிறதா என்று ஜன்னலைத் திறந்து
காது கொடுக்க வேண்டியிருந்தது.

'சரக்கு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
சீட்டு அச்சாகாது.
'வீம்பு' என்று அடித்தேன்,
இரண்டுக்கும்.

நானூறு குதிரை என்றான் நிஷாத்.
நூற்றெண்பத்தைந்து என்றான் பூபதி,
கொஞ்சம் மெதுவாக.
கால்குலேட்டரில் வகுத்துச் சொன்னேன்:
அமெரிக்கக் குதிரைக்கு ஆளுக்கு நாலு கிலோ சொச்சம் சுமை,
ஜப்பான் குதிரைக்கு ஐந்தரை.
என் மகனின் புத்தகப் பை ஆறு கிலோ.
அதைச் சொல்லவில்லை.

வேலந்தாவளம் பழைய செக்போஸ்ட் வரை
போய்த் திரும்புவது பந்தயம்.
சிவப்பு விளக்கு நான்கு சிறுத்து மறைந்தன,
மீதி எல்லாம் காதால்தான்.

பனைமர நேர்ரோட்டில்
மஸ்டாங் ஒருமுறை கனைத்ததும்
ஹோண்டாவின் சத்தமே காணோம்.
பிறகு வாய்க்கால் வளைவுகள்.
பெரியது ஒவ்வொன்றிலும்
மூச்சைப் பிடித்து, குனிந்து, திரும்பி, நிமிர்ந்தது.
சின்னது ஆறாயிரம் சுற்றுவரை தையல் மிஷின்,
அதற்கு மேல் குரல் உடைந்த பையன்:
எட்டாயிரத்தில் கத்திக்கொண்டே
மூன்று வளைவையும் ஒரே மூச்சில் தைத்துப் போனது.

திரும்பும்போது கணவாய்க் காற்று எதிரே.
அதில் யார் முந்தியது என்று
சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை.
காற்று வேலந்தாவளத்துக்கே
எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப் போனது.

"நான்தான்" என்றான் ஒருவன். "நேர்ரோட்டுல" என்றான் மற்றவன்.
என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.
எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்:
திரும்பவும் நிறுத்தேன்.
ஹோண்டா அதே 1020.
மஸ்டாங், என்ஜின் அணைத்து, 1730.
"பத்து கிலோ எங்கே?" என்றான் நிஷாத்.
பூபதி பெட்ரோல் மூடியைப் பார்த்தான்,
சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தான்.

நாலு சீட்டுக்கு இருநூற்று நாற்பது.
மஸ்டாங்கில் சில்லறை இல்லை, ஜிபேவுக்கு சிக்னல் இல்லை.
பூபதி கொடுத்தான்.
பின்னால் மட்டை லாரி ஹாரனைக் கையெடுக்காமல் அடித்தது.
போகும் முன்
மஸ்டாங்கின் முதல் சீட்டைக் கேட்டு வாங்கி
இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்
ஹோண்டாக்காரன்.